18 பெட்டித் தக்காளிக்கு ஒரு புட்டி வைன்

ராயக்கோட்டைக்காரன்:

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஆட்கள் இத்தாலிய உணவகத்துக்குப் போன கதை இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் வைத்துவிடுகிறேன்.

மகளுக்குப் பெங்களூரில் வேலை. போன மாதம் மருமகன் எங்களை இந்திரா நகரில் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப்போனார். நான் வேட்டியில்தான் போனேன். வாசலில் நின்ற பையன் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே விட்டான். மங்கலான விளக்கு, மேசைக்கு ஒரு மெழுகுவத்தி. எங்கள் ஊரில் மின்சாரம் போனால்தான் இந்த வெளிச்சம்.

மருமகன் கியாந்தி என்ற சிவப்பு வைனில் ஒரு புட்டி கேட்டார். விலையைப் பார்த்தேன். அந்த வாரம் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி போன விலைக்கு 18 பெட்டி. வாயை மூடிக்கொண்டேன். பரிமாறுபவர் புட்டியைப் பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் எல்லோருக்கும் காட்டினார். அதன் கழுத்தில் ஒரு கருஞ்சேவல் படம். எங்கள் பக்கம் கருஞ்சேவல் என்றால் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது. இவர்கள் யாருக்கு நேர்ந்தார்களோ.

தக்கையைப் பிடுங்கி, வயதில் மூத்தவன் என்று என் கோப்பையில் ஊற்றினார். அடி நனையும் அளவு. ஊற்றிவிட்டு நகராமல் நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். 18 பெட்டிக்கு இவ்வளவுதானா என்று கோப்பையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். மேசைக்கு அடியில் மகள் என் காலை மிதித்தாள். "அப்பா, குடித்துப் பார்த்துச் சரி என்று சொல்லுங்கள். அப்புறம்தான் எல்லோருக்கும் ஊற்றுவார்."

குடித்தேன். நாவற்பழம் தின்றால் நாக்கு கரகரக்குமே, அந்தத் துவர்ப்பு. இனிப்பு மருந்துக்கும் இல்லை. புளிப்பு வேறு. முகத்தை மாற்றாமல் சரி என்றேன். பிறகு தக்காளிச் சாறு போட்ட பாஸ்தா வந்தது. அதில் ஒரு வாய், இதில் ஒரு மடக்கு. தனியாக இருந்தபோது முறைத்துக்கொண்டிருந்த வைன், தக்காளியின் புளிப்பைக் கண்டதும் சமாதானமாகிவிட்டது. ஊறுகாயை வெறும் வாயில் தின்றுவிட்டுக் குறை சொல்லக் கூடாது, அந்தக் கணக்குத்தான்.

தக்காளி நம்முடையது இல்லை. சதை அதிகம், நீர் குறைவு. அது சான் மார்சானோ என்ற நீளத் தக்காளி, வெசூவியஸ் எரிமலைப் பக்கம் விளைவது, டப்பாவில் வருவது என்றார் மருமகன். இவ்வளவு பக்கத்தில் நாங்கள் விலையில்லாமல் தவிக்கும்போது கப்பலில் தக்காளி வருகிறதே என்று ஒரு பொருமல். ஆனால் ருசி ருசிதான், பொய் சொல்லமாட்டேன்.

மூலையில் ஒருவர் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் நான் மட்டும் கைதட்டினேன். கடை முழுக்கத் திரும்பி, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

ஓசூர் 635109:

அண்ணா, கோப்பையை நீட்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். அந்த ஒரு மடக்கு நமக்குப் பிடிக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை. தக்கையில் பூசணம் பிடித்தால் வைனில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறிவிடும். அப்படிக் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். கெட்டிருந்தால் திருப்பி அனுப்பலாம். புளிக்கிறது என்று அனுப்ப முடியாது.

சேவலுக்கும் ஒரு கதை உண்டு. பிளாரன்சுக்கும் சியனாவுக்கும் எல்லைத் தகராறு. சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் குதிரைவீரர்கள் புறப்பட வேண்டும், சந்திக்கும் இடம் எல்லை. பிளாரன்சுக்காரர்கள் தங்கள் கருஞ்சேவலைப் பட்டினி போட்டார்களாம். அது விடியும் முன்பே கூவிவிட்டது. கியாந்தியின் பெரும்பகுதி அவர்களுக்குப் போய்விட்டது. இன்றும் கியாந்தி கிளாசிகோ புட்டிகளில் அந்தச் சேவல்தான்.

மத்திகிரி அம்மு:

என்னுடையது மனத்தாங்கல். நாங்கள் சைவம். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஓர் இத்தாலிய உணவகம் போனோம். கடைசியில் திராமிசு கேட்டேன். காப்பியில் நனைத்த பிஸ்கட், மேலே மஸ்கார்போனே பாலாடை, அதன்மேல் கோகோ தூள். இதில் மது உண்டா என்று பரிமாறுபவரிடம் இரண்டு முறை கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அம்மா முக்கால்வாசி சாப்பிட்டு, "காப்பி கொஞ்சம் காட்டமாக இருக்கிறதே" என்றார். உள்ளே போய்ச் சமையல்காரரிடம் கேட்டால், சிசிலித் தீவின் மார்சாலா வைன் ஊற்றியிருக்கிறாராம். அதில் முட்டை உண்டு என்றும் அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதில் மூன்று நாள் பேசவே இல்லை.

சைவக்காரர்களுக்கு இன்னொன்று: இத்தாலியில் பார்மிஜானோ ரெஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறையவைக்கிறார்கள். சைவ நொதியில் செய்த கட்டிகளும் கிடைக்கின்றன. கேட்டுவிட்டு உண்ணுங்கள், பரிமாறுபவரிடம் இல்லை, அடுப்பங்கரையில்.

பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சொன்னேன், எடுத்துவிட்டார்கள். சொல்லாத மேசைகளில் கட்டியிருப்பார்கள்.

பாலக்கோட்டு அடுப்பு:

அக்கா சொன்ன அடுப்பங்கரையில் ஆறு வருடம் நின்றவன் நான். பெங்களூரில் ஓர் உணவகம். பரோட்டா போடத் தெரியும் என்று பீட்சா மாவுக்கு எடுத்தார்கள். மாவு பிசைவதும் ஓய்வு கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. எண்ணெய் மட்டும் கிடையாது, விசிறி அடிக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு விரலால் காற்றைத் தள்ள வேண்டும். நேப்பிள்ஸ் முறையில் விறகு அடுப்பு 485 டிகிரிக்குப் பக்கத்தில் எரியும். 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெளியே வந்துவிட வேண்டும். விளிம்பில் சிறுத்தையின் தோல்போலக் கரும்புள்ளி விழும். அதைக் கருகல் என்று திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர்! பாஸ்தாவும் அப்படித்தான். கடித்தால் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும் என்று இத்தாலியர் எதிர்பார்ப்பார்கள். நம்மவர்கள் வேகவில்லை என்பார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, திட்டு மட்டும் எனக்கு.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்கள் தலைமைச் சமையல்காரர் வடக்கு இத்தாலிக்காரர். ஒருநாள் போலெந்தா செய்யச் சொன்னார். மக்காச்சோள மாவு. கொதிக்கும் நீரில் அவர் மாவைத் தூவ, உதவியாளன் கிண்டினான். கட்டி தட்டிவிட்டது. இரண்டாம் முறையும் கட்டி. நான் பீட்சா அடுப்பை விட்டு வந்து மரக்கரண்டியை வாங்கினேன். எங்கள் அம்மா கவைக்கோலால் பானையை அணைத்துக்கொண்டு துடுப்பால் ராகிக்களி கிண்டுவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன். அடியிலிருந்து ஓரமாக எடுத்து நடுவில் அழுத்தி, ஒரே பக்கமாக, நிறுத்தாமல். தோள்பட்டை எரிய ஆரம்பித்தால் சரியாகக் கிண்டுகிறோம் என்று அர்த்தம். முக்கால் மணி நேரம். சட்டியின் ஓரத்தைவிட்டு மாவு விலகிச் சுருண்டது. மரப்பலகையில் கவிழ்த்தோம். கத்தி வைக்காமல் நூலால் அறுத்தார். நம் வீட்டில் கையை நனைத்து உருண்டை பிடிப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு எந்த ஊரில் கற்றாய் என்றார். தருமபுரி மாவட்டம் என்றேன். தெற்கு இத்தாலிக்காரர்கள் வடக்கத்தியர்களைப் 'போலெந்தோனி' என்று கேலி செய்வார்களாம், களி தின்னிகள் என்கிற மாதிரி. எங்களையும் சொல்வார்கள் என்றேன். அன்றிலிருந்து போலெந்தா என் பொறுப்பு. சம்பளம் ஏறவில்லை.

நாலு தந்தி:

ராயக்கோட்டை ஐயா, கைதட்டியதற்கு நன்றி. அந்த அக்கார்டியன்காரர் நான் இல்லை, ஆனால் அந்த மூலை எனக்குத் தெரியும்.

கிருஷ்ணகிரியில் கர்நாடக இசை வயலின் கற்றவன். கோயில் கச்சேரிகளில் பக்கவாத்தியம். கையில் காசில்லாத ஒரு வருடம், வெள்ளி சனி இரவுகளில் ஓர் இத்தாலிய உணவகத்தில் வாசித்தேன். முதல் சிக்கல், நாங்கள் தரையில் உட்கார்ந்து வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பவர்கள். அங்கே நிற்க வேண்டும், மேசை மேசையாக நடக்க வேண்டும். கழுத்தில் பிடிமானம் இல்லாமல் கருவி எந்த நேரமும் யாருடைய சூப்பிலாவது விழும்போல இருந்தது. இரண்டாவது, சட்ஜம், பஞ்சமம் என்று ச, ப ஸ்வரங்களுக்குக் கூட்டிய தந்திகளை அவர்கள் முறைக்கு மாற்ற வேண்டும். கிட்டார் வாசித்தவர் கேரளத்துக்காரர். அவர்தான் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

வயலின் இத்தாலியில் உருவானது, கிரெமோனா ஊர்க் கருவிகளுக்கு இன்றும் உலகப்புகழ். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்று முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரைச் சொல்வார்கள். இத்தாலியின் மாண்டலினும் உ. ஸ்ரீநிவாஸ் கையில் நம்முடையதாகிவிட்டது. ஆக, கட்டிக்கொடுத்த மகள் பிறந்தவீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி நான் அங்கே நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கேட்கத்தான் ஆளில்லை. காப்பி இயந்திரம் பால் நுரைக்கும் சீற்றம் ஒருபக்கம், கிரிக்கெட் மறுபக்கம். பிறந்தநாள் பாட்டுக்கு மட்டும் எல்லோருக்கும் காது முளைக்கும்.

ஓர் இரவு, மூன்று தட்டு நடையில் ஒரு மெட்டு. நம் கீரவாணி ராகத்தின் சாயல் அதில் உண்டு. கிட்டார்காரர் கண்ணைக் காட்டினார், சரி என்று கீரவாணிக்குள்ளேயே இறங்கிவிட்டேன். நிஷாதத்தில், அதாவது நி ஸ்வரத்தில், அசைத்து அசைத்து ஒரு நீண்ட கமகம். மேல் தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. ரத்தம் ஒரு கோடு. அது வித்தையின் ஒரு பகுதி என்று நினைத்து இரண்டு மேசைகள் கைதட்டின! மூன்று தந்தியில் முடித்தேன். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஓர் அம்மாள் ஈரக்கையோடு வெளியே வந்து நின்றிருந்தார். "ஏன் தம்பி பாதியில் சுருதியைக் கீழே இறக்கினாய்?" என்று தெலுங்கில் கேட்டார். அந்த ஒரு வருடத்தில் என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்.

மூன்று வார ஊதியம் பாக்கி. உணவகம் மூடிவிட்டது.

தகடூரான்:

தம்பி, நம் மண்ணில் வழக்கம் வேறு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அவன் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 235ஆம் பாட்டு. கள் கொஞ்சம் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துவிட்டுப் பாட, மிச்சத்தைத் தான் மகிழ்ந்து குடிப்பான் என்கிறார். சோறும் அப்படியே, பல கலங்களில் பலரோடு. பாடுகிறவருக்கு ஊற்றிவிட்டுத்தான் அரசனுக்கு. உன் முதலாளிக்கு யாராவது இதைப் படித்துக்காட்டியிருக்கலாம்.

ராயக்கோட்டைக்காரன்:

பாலக்கோட்டுத் தம்பி எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தேன். மனைவி முதலில் நம்பவில்லை. "மக்காச்சோளத்தில் களியா? நாம் கோழிக்குப் போடுவதையா அவர்கள் பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்துத் தின்கிறார்கள்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டாள். தம்பி, பதில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மருமகன் வருகிறார்.