கரையோர நீரைக் கடலுக்குள் இழுப்பது எது?

தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்:
சென்ற ஜூலையில் குடும்பத்தோடு மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள திரெங்கானுவின் மாராங் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். இந்தப் பருவத்தில் கரைநீர் கிழக்கே விலகிப் போக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும் என்றாள் பேத்தி. காரணம் கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். தென்மேற்குப் பருவக்காற்று தள்ளுகிறது என்றால், அங்கே காற்று கரையை ஒட்டி வடக்கு நோக்கி அல்லவா வீசியது?

கடலியல் மாணவி, கோலா திரெங்கானு:
ஐயா, பூமியின் சுழற்சி நகரும் நீரைத் திருப்பிவிடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துருவக் கடலில் மிதந்த பனி, காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகிச் சென்றதை நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென் தம் 1893–1896 கப்பல் பயணத்தில் கண்டார். 1905இல் அதைக் கணிதமாக விளக்கியவர் சுவீடன் கடலியலாளர் எக்மன். வட கோளத்தில், காற்றால் நகரும் மேலடுக்கு நீரை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அது காற்றுக்குச் செங்குத்தாக வலப்பக்கம் போகிறது. வடக்கே வீசும் காற்றுக்கு வலப்பக்கம் கிழக்கு, அதாவது திறந்த கடல். விட்டுப்போன இடத்தை அடிநீர் நிரப்புகிறது. ஆனால் நாம் இருக்கும் 5 பாகை வட அட்சரேகையில் அந்தத் திருப்பும் விளைவு துருவத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், காற்று நாள்கணக்கில் நிற்காமல் வீச வேண்டும். ரப்பர் பால்மரங்களை முறித்துப்போட்டு ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மாலைக் காற்றால் இது ஆகாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தாப்பா:
மாணவி சொன்னது சரி, ஆனால் பாதிதான். கரைநீரை வெகுதொலைவு கொண்டுசெல்வதில் சுழல்களுக்கு, அதாவது கடலில் வட்டமாகச் சுற்றும் பெரிய நீரோட்டங்களுக்கு, பெரும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவத்தில் வியட்நாம் கரையோர நீரோட்டம் ஏறத்தாழ 11, 12 பாகை வட அட்சரேகையில் கரையைவிட்டுக் கிழக்கே திரும்புகிறது. அதற்கு வடக்கே இடஞ்சுழியாக ஒரு சுழலும் தெற்கே வலஞ்சுழியாக ஒரு சுழலும் அமைகின்றன. உறைந்த ரப்பர் பாலை இரண்டு உருளைகளுக்கு இடையே கொடுத்து ஷீட் இழுத்ததைக் கிராணியார் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே எதிரெதிராகச் சுழலும் இரண்டும் நடுவிலுள்ள குளிர்ந்த நீரை நாக்குப் போல வெளியே இழுத்துவிடுகின்றன. பாசி நுண்ணுயிர்கள் மிகுந்த அந்த நீரைச் செயற்கைக்கோள் படத்தில் தனியாக அடையாளம் காணலாம்.

தோட்டத்துக் கிராணி:
உருளைகளைச் சொன்னதும் விளங்கிவிட்டது. பேராக் ஆறு கலக்கும் மலாக்கா நீரிணையிலும் இப்படித்தானா?

கடலியல் மாணவி:
இல்லை ஐயா. எதிரே சுமத்ரா இருப்பதால் விலகிப் போக அங்கே திறந்த கடல் கிடையாது. நீர் ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்ற இறக்கத்தோடு, முன்னும் பின்னும் அலைந்தாலும், நிகர ஓட்டம் வடமேற்கே அந்தமான் கடலை நோக்கியே இருக்கிறது.