ஏஜென்ட் வரையும் கேண்டில் சார்ட்டில் இல்லாத விலைகள் வருகின்றன

பின்னிரவு_நிரல்:

வணக்கம். பிட்காயினின் ஒரு நிமிட கேண்டில்களை (அந்த நிமிடத்தின் தொடக்க, உச்ச, தாழ்ந்த, முடிவு விலைகளை, அதாவது ஓபன், ஹை, லோ, குளோஸைக் காட்டும் பட்டைகள்) ஏஜென்டிடம் (டூல்களைத் தானே அழைக்கும் ஏஐ மாடல்) கேட்டே சார்ட்டாகப் பார்க்கலாம் என்று சின்னதாக ஒரு எம்சிபி சர்வர் (ஏஐ மாடலுக்கு வெளி டூல்களைத் தரும் நிரல்) எழுதினேன். அதில் இரண்டு டூல். ஒன்று எக்ஸ்சேஞ்சிலிருந்து விலைகளை எடுத்து வரும். மற்றது அந்த விலைகளை வாங்கி லைட்வெயிட் சார்ட்ஸ் என்ற சார்ட் லைப்ரரியில் வரையும். ஏஜென்ட் முதல் டூலை அழைத்து, வந்த ஜேசனை (தரவை எழுதும் உரை வடிவம்) அப்படியே இரண்டாவது டூலுக்குக் கொடுக்கிறது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது நாற்பது கேண்டில் என்றால் பிசகில்லை. "நேற்று முழுவதும் காட்டு" என்றால் 1,440 வர வேண்டும் அல்லவா? ஒரு தடவை 212 வந்தது, இன்னொரு தடவை 305. நேற்றிரவு வந்த ஒரு கேண்டிலில் ஹையை விடக் குளோஸ் மேலே இருக்கிறது. அப்படி ஒரு கேண்டில் எந்தச் சந்தையிலும் பிறக்க முடியாது. கேட்டால் "சார்ட் வெற்றிகரமாக வரையப்பட்டது" என்று சாதிக்கிறது. "எண்களை மாற்றாதே" என்று ப்ராம்ப்டில் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். பெரிய கான்டெக்ஸ்ட் (ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையின் அளவு) உள்ள மாடலுக்கு மாறினால் தீருமா?

பழைய_டெர்மினல்:

தீராது. நான் இதே பள்ளத்தில் மூன்று வாரம் கிடந்தவன்.

ஏஜென்ட் ஜேசனைக் கை மாற்றிவிடுவதில்லை. படித்துவிட்டு, டோக்கன் டோக்கனாக (மாடல் உரையைக் கையாளும் சிறு துண்டுகள்) திரும்ப எழுதுகிறது. ஒரு கேண்டிலுக்கு நேரம், ஓபன், ஹை, லோ, குளோஸ், வால்யூம் என்று ஆறு எண். 1,440 கேண்டிலுக்கு 8,640 எண்கள், ஒவ்வொன்றும் பல டோக்கன். அத்தனையையும் படியெடுக்கச் சொன்னால் நடுவில் சிலதை விழுங்கும், சிலதைச் சொந்தமாகப் போடும். பெரிய மாடலானால் இதே பிசகு கொஞ்சம் தள்ளி நடக்கும், அவ்வளவுதான். டோக்கன் செலவு வேறு.

வரையும் டூலுக்கு விலைகளே போகக் கூடாது. சிம்பல், இடைவெளி, தொடக்கம், முடிவு என்று நான்கே அளவுருக்கள் வையுங்கள். விலையை எடுப்பதும் வரைவதும் சர்வருக்குள்ளேயே முடியட்டும். மூவிங் ஆவரேஜ் (கடைசிச் சில கேண்டில்களின் சராசரி விலைக் கோடு) வேண்டுமென்றால் அதன் பெயரையும் நீளத்தையும் மட்டும் கேளுங்கள், கணக்கை சர்வர் போடும். கணக்கிட்ட தொடர் வேறொரு டூலிலிருந்து வருகிறதா? சர்வரில் சேமித்து ஒரு குறியெண் கொடுங்கள், ஏஜென்ட் அந்தக் குறியெண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகும்.

அப்புறம் திருப்பி அனுப்பும் பதில். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஏஜென்டுக்கு உங்கள் திரை தெரியாது. நான் முதலில் "ஓகே" என்று மட்டும் அனுப்பினேன். ஏறிக்கொண்டிருந்த சந்தையை அது "தொடர் சரிவு" என்று நான்கு பத்தி விவரித்தது! இப்போது நான் அனுப்புவது: எத்தனை கேண்டில், முதல் நேரம், கடைசி நேரம், அந்தக் காலத்தின் ஹை, லோ, கடைசிக் குளோஸ். ஐந்தாறு வரிதான். அதற்குப் பிறகு கதை விடுவது பெருமளவு குறைந்தது.

வரையும் முன் ஒரு சோதனையும் வையுங்கள்: ஓபன், குளோஸ் இரண்டும் லோவுக்கும் ஹைக்கும் நடுவில் இருக்கிறதா, நேரம் ஏறுவரிசையில் இருக்கிறதா என்று. தவறினால் எந்த வரியில் என்ன தப்பு என்று பிழைச் செய்தியில் எழுதுங்கள். வெறும் "பிழை" என்று அனுப்பினால் ஏஜென்ட் அதே தப்பை மூன்று முறை முயலும்.

நடு_அச்சு:

இதற்கு அடுத்து நீங்கள் மாட்டப்போவது நேரத்தில். பல எக்ஸ்சேஞ்சுகள் மில்லிசெகண்டில் தரும், லைட்வெயிட் சார்ட்ஸ் செகண்டில் எதிர்பார்க்கும். ஆயிரத்தால் வகுக்க மறந்து என் கேண்டில்கள் கி.பி. 55,000-ஐத் தாண்டிப் போய் நின்றன. அந்த லைப்ரரிக்கு நேர மண்டலமும் தெரியாது, எல்லாம் யூடிசிதான் (உலகப் பொது நேரம்). "நேற்று" என்றால் யாருடைய நேற்று என்று டூல் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு சந்தேகம்: டூல் பதிலில் படத்தையும் அனுப்பலாமே? மாடலே பார்த்துக்கொள்ளும்.

பழைய_டெர்மினல்:

அனுப்பலாம், எம்சிபியில் அதற்கு இடம் உண்டு. ஏறுகிறதா இறங்குகிறதா என்ற பொதுவான வடிவத்துக்குப் பரவாயில்லை. விலையைப் படத்திலிருந்து படிக்க விடாதீர்கள், குத்துமதிப்பாகத்தான் சொல்லும். நிறமும் குழப்பும்: ஜப்பான், சீனச் சார்ட்டுகளில் சிவப்புதான் ஏற்றம். எது எந்த நிறம் என்று பதிலில் ஒரு வரி சேருங்கள்.

பின்னிரவு_நிரல்:

நான்கு அளவுருக்களுக்கு மாற்றினேன். 1,440-ம் வந்துவிட்டது, நன்றி. ஆனால் இப்போது "ஹேமர் உருவாகியிருக்கிறது, திருப்பம் வரலாம்" என்கிறது (ஹேமர் என்பது சிறிய உடலும் நீண்ட கீழ் வாலும் கொண்ட கேண்டில் வடிவம்). போய்ப் பார்த்தால் அந்த கேண்டில் முடிய இன்னும் நாற்பது செகண்ட் இருக்கிறது. முடிந்தபோது அங்கே ஹேமரும் இல்லை, ஒன்றும் இல்லை.

பழைய_டெர்மினல்:

கடைசி கேண்டில் மூடியதா என்று பதிலில் தனிப் புலம் வையுங்கள், நான் மேலே சொல்ல மறந்துவிட்டேன். மூடாததைத் திரையில் வெளிறிய நிறத்தில் வரையலாம், ஆனால் சுருக்கத்தில் சேர்க்காதீர்கள். வடிவம் பார்க்கும் டூல் தனியாக இருந்தால் அதற்கு மூடியவை மட்டும் போகட்டும்.