மூக்கு அறுவைக்கு 18,000 ரிங்கிட்: கடன் வாங்கலாமா?

சிப்புட் செல்வி:
பதினான்கு வயதில் பள்ளித் திடலில் பந்து பட்டு மூக்கு உடைந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். ஐஸ் வைத்ததோடு சரி. இப்போது 27 வயது. மூக்குத் தண்டு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, இடது துளையில் மூச்சே போவதில்லை. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவர் உள்ளேயும் வெளியேயும் நேராக்க 18,000 ரிங்கிட் கேட்கிறார். ஃபேக்டரியில் என் சம்பளம் 1,700. பேங்க் லோன் போடலாமா?

பால்மரம்:
வேண்டாம் தங்கச்சி. 18,000-ஐ 8 விழுக்காட்டில், கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போடும் லோனாக 5 வருஷத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் 7,200. மாதம் 420 கட்ட வேண்டும். ஓய்வுக்கால சேமநிதியான ஈபிஎஃப் பிடித்தது போக உன் கையில் வருவதே 1,500 சொச்சம். நடுவில் ஓவர்டைம் நின்றால்? பேங்க் தவணைக்காக ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரனிடம் போய், கட்ட முடியாமல் வாசலில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றப்பட்ட வீட்டை நம் ஊர் சுங்கை சிப்புட்டிலேயே பார்த்தவன் நான். முகத்துக்காக அந்தப் பக்கம் போகாதே.

கோகிலா:
அண்ணே, பையன்கள் 9 வருஷக் கார் லோன் எடுக்கும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லை. பதின்மூன்று வருஷமாகக் கல்யாண வீட்டுப் படங்களில் ஓரமாக நின்றவளுக்கு அது வெறும் முகமா?

பால்மரம்:
ஆசை தப்பென்று நான் சொல்லவே இல்லை. கடன்தான் தப்பு. கார் வேலைக்குக் கொண்டுபோய் விடும்.

நர்ஸ் வாணி:
இரண்டு காரியத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவரை நேராக்குவது மூச்சுக்கான சிகிச்சை. வெளித்தண்டைச் செதுக்குவது தோற்றத்துக்கு. செல்வி, முதலில் நம் அரசாங்க கிளினிக்கில் காட்டி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கு. நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். அறுவைக்கும் தனியாரில் கேட்பதில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில். சில பேருக்கு அலர்ஜி வீக்கமும் சேர்ந்திருக்கும், அதற்கு ஸ்ப்ரே போதும். வளைவு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என்று தெரியாமல் யாரிடமும் முன்பணம் கட்டாதே. வெறும் அழகுக்கு என்றால் மருத்துவக் காப்புறுதியான மெடிக்கல் கார்டு பணம் தராது.

மணி:
தாய்லாந்தில் ஹாட்யாய் போனால் மலிவு. பார்டர் தாண்டினால் ஆச்சு.

நர்ஸ் வாணி:
பிளாஸ்திரியும் தையலும் எடுக்கவே ஒரு வாரம் ஆகும், தம்பி. வீக்கம் முழுக்க வடிய ஒரு வருஷம். பிசகினால் யாரிடம் போய் நிற்பது? இரண்டாம் அறுவை முதலாவதைவிடச் சிரமம். தழும்பு இறுகியிருக்கும், சில சமயம் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுக்க வேண்டி வரும்.

கோகிலா:
எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய ஈபிஎஃப் ஃபிளெக்சிபல் கணக்கு 2024 மே முதல் இருக்கிறதே, அதில் எடுக்கலாமே?

பால்மரம்:
கணக்குப் போடும்மா. 1,700 சம்பளத்துக்கு முதலாளி பங்கும் சேர்த்து மாதம் 408 போகிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் அந்தக் கணக்குக்கு, 41 ரிங்கிட். வட்டியை விட்டுப் பார்த்தால் 18,000 சேர 36 வருஷத்துக்கு மேல். வாணி சொன்னதைச் செய்யட்டும். மூச்சுக்கு என்றால் நானே வண்டியில் கூட்டிப்போகிறேன்.

சிப்புட் செல்வி:
திங்கட்கிழமை லீவு எடுத்துவிட்டேன், கிளினிக் போகிறேன். உள்ளே சரியான பிறகு வெளித்தோற்றத்துக்குத் தனியாக எவ்வளவு என்று கேட்பேன். மாதம் 150 ஒதுக்க முடியும். அண்ணே, வெளி மூக்கும் எனக்கு வேண்டும், அதை விட மாட்டேன். லோன் மட்டும் இப்போது வேண்டாம்.