2012 ஸ்விஃப்ட் டீசல், ஸ்டார்ட் செய்ததும் கடகட சத்தம், விலை 1.90 லட்சம்: வாங்கலாமா?

நெல்வயல்_கோபி:
வணக்கம். கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ஈரோட்டில் டயாலிசிஸ் நடக்கிறது. போகும்போது பஸ் சரிதான். திரும்பும்போது அவரால் உட்காரக்கூட முடிவதில்லை. வாரா வாரம் வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. அதனால் 2 லட்சத்துக்குள் ஒரு பழைய கார் தேடுகிறேன்.

பக்கத்து ஊரில் ஒரு 2012 ஸ்விஃப்ட் விடிஐ இருக்கிறது. இரண்டாவது ஓனர், மீட்டரில் 1,42,000 கி.மீ. இதே வருட வண்டிக்கு மற்றவர்கள் கேட்பதைவிட விலை நன்றாகவே குறைவு. பாடி சுத்தம், டயர் புதுசு. ஆனால் ஸ்டார்ட் செய்ததும் டிரைவர் பக்க ஓரத்தில் கடகடவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் குறைகிறது, முழுசாக நிற்கவில்லை. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அடியில் இருந்து டொக் டொக்கென்று இன்னொரு சத்தமும் கேட்கிறது. "டீசல் வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும், டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணினா போயிடும்" என்கிறார் ஓனர். அட்வான்ஸ் கேட்டு தினமும் போன் வருகிறது. பாதி வழியில் அப்பாவோடு நின்றுவிடக் கூடாது, அதுதான் என் கவலை.

பட்டறைக்காரர்:
தம்பி, அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. டீசல் வேலைதான் என் தொழில், இந்த இன்ஜினை நிறையப் பிரித்திருக்கிறேன்.

டேப்பட் பேச்சை விட்டுடுங்க. டேப்பட் என்பது வால்வைத் திறக்க உதவுகிற பாகம். இது பியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. டாடா விஸ்டாவிலும் பியட் புன்டோவிலும் வந்தது இதே இன்ஜின்தான். இதில் டேப்பட் ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும். ஸ்பேனர் வைத்து அட்ஜஸ்ட் செய்ய அங்கே ஒன்றும் கிடையாது.

டிரைவர் பக்கம் கேட்கிற கடகட, பெரும்பாலும் டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடும். மறுபடி அழுத்தம் ஏறுகிற வரை தேய்ந்த செயின் அடித்துக்கொள்ளும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில் இது சீக்கிரமே வரும். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பிரிக்க வேண்டி வரும். முன்னாடியே செயின், டென்ஷனர் எல்லாம் சேர்த்து கிட்டாக மாற்றினால் என் பட்டறையில் பாகம், ஆயில், கூலி சேர்த்து 20 ஆயிரத்துக்குள் முடியும். கோளாறு இது மட்டும்தான் என்றால் பேரம் பேசி வாங்கலாம்.

எனக்குப் பயம் அந்த டொக் டொக் மேல்தான். அது இன்ஜின் அடியில் கிராங்கைத் தாங்குகிற பேரிங்காக இருந்தால் முழு இன்ஜின் வேலை, வண்டி விலையில் பாதி போய்விடும்.

"நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்க. போனதும் பானட்டில் கை வைங்க. சூடாக இருந்தால், நீங்க வருவதற்கு முன்பே ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கு சட்டென்று அணையணும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கருப்பாக இருப்பதற்குப் பயப்படாதீங்க, டீசலில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கருத்துவிடும். விரலில் தேய்த்து வெயிலில் பாருங்க. மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால் பேச்சே வேண்டாம். கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய், இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்க. எதைக் கழற்றும்போது டொக் டொக் அடங்குகிறதோ, கோளாறு அந்த சிலிண்டரில். எதைக் கழற்றினாலும் மாறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட் புல்லி பக்கமும் தேடணும். அங்கே இருந்தால் சின்னச் செலவு.

சென்னிமலை_அக்கா:
எங்க அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது நான்தான், அதனால் எழுதுகிறேன். ஸ்விஃப்ட் சீட் தாழ்வு. டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கிக் கால் நடுங்கும் நேரத்தில் குனிந்து ஏறுவதும் எழுந்து இறங்குவதும் பெரிய வேதனை தம்பி. டயாலிசிஸ் ஊசி போட ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) வைத்த கையில் பாரம் கொடுக்கவும் கூடாது. வேகன்ஆர் மாதிரி உயரமான வண்டி என்றால் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடலாம்.

கோபிக்கும் ஈரோட்டுக்கும் போய்வர டீசலே தேவையில்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்திவிட்டது. டர்போவோ இன்ஜெக்டரோ போனால் மருந்துச் செலவோடு அதையும் தாங்க முடியாது. 2012 வண்டிக்கு ஆர்.சி. 2027-இல் முடியும், அப்புறம் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை, பசுமை வரி என்று அலையணும். அந்த அலைச்சலுக்கு உங்களுக்கு நேரம் இருக்காது.

நெல்வயல்_கோபி:
ஞாயிறு காலை தெரிந்த மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தேன். பானட் நல்ல சூடு. கழுவுவதற்காக எடுத்தேன் என்றார். மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றியதும் டொக் டொக் பாதியாக அடங்கியது, ஆயிலிலும் மினுமினுப்பு. வேண்டாம் என்றதும் 1.60-க்கு இறங்கினார். வந்துவிட்டோம். பட்டறை அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

அக்கா சொன்ன பிறகு கவுந்தப்பாடியில் ஒரு 2014 வேகன்ஆர் பெட்ரோல் கண்ணில் பட்டிருக்கிறது. 2.30 சொல்கிறார்கள், மீதிக்குத் தங்கை தருகிறாள். அப்பாவைக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். அண்ணா, அதில் எதைக் கவனிக்கணும்?

பட்டறைக்காரர்:
நல்ல முடிவு. அதுவும் செயின் இன்ஜின்தான், அதனால் முதல் ஸ்டார்ட்டை ஆறிய வண்டியிலேயே கேளுங்க. நியூட்ரலில் கிளட்சை மிதித்தும் விட்டும் பாருங்க. மிதித்தால் சத்தம் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸ் பேரிங், மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் பேரிங். கேஸ் கிட் இருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கணும். லோன் பாக்கி இருந்தால் பாக்கி இல்லை என்கிற பேங்க் என்.ஓ.சி. கடிதம் வராமல் பணம் கொடுக்காதீங்க. ஸ்டார்ட் செய்யும்போது வீடியோ எடுத்து இங்கே போடுங்க தம்பி, கேட்டுச் சொல்கிறேன்.