எச்இஐசி போட்டோவை ஜேபிஜி என்று ரீநேம் செய்தேன், அப்லோட் ஆகவில்லை

கேள்வி:
தங்கைக்கு ஒரு வேலை விண்ணப்பம் ஆன்லைனில் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், நாளை மறுநாள் கடைசி நாள். போட்டோ ஜேபிஜியாக, 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். ஐபோனில் எடுத்த படம், லேப்டாப்புக்கு மாற்றினால் பெயரின் கடைசியில் .எச்இஐசி (ஐபோன் படத்தைச் சேமிக்கும் ஃபார்மட்) என்று இருந்தது. ரீநேம் கொடுத்து அதை அழித்து .ஜேபிஜி என்று அடித்தேன். ஃபைல் பயன்படாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வந்தது, யெஸ் கொடுத்துவிட்டேன். லேப்டாப்பில் படம் நன்றாகத்தான் திறக்கிறது, அப்லோட் செய்தால் மட்டும் தவறான ஃபைல் என்று திருப்பி அனுப்புகிறது. நாலு தடவை முயன்றாகிவிட்டது. யாராவது உதவுங்கள்.

பதில் (ப்ரவுசிங் சென்டர் நடத்துபவர்):
தம்பி, இதே பிரச்சினையோடு வாரத்துக்கு ரெண்டு பேராவது கடைக்கு வருகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு போட்டு வைத்தால் உள்ளே இருப்பது பருப்புதானே, அப்படித்தான் இதுவும். பெயரை மாற்றியதால் உள்ளே இருக்கும் டேட்டா மாறவில்லை. ஜேபிஜி ஃபைல் என்றால் முதல் மூன்று பைட்டுகள் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்றுதான் தொடங்கும், எச்இஐசிக்குத் தொடக்கமே வேறு. படம் திறக்கும் சில புரோகிராம்கள் பெயரைப் பார்க்காமல் இந்தத் தொடக்கத்தைப் பார்த்தே படத்தைத் திறந்துவிடும், அதனால்தான் உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. அப்லோட் வாங்கும் தளமும் அதே தொடக்கத்தைப் பார்த்துத்தான் நிராகரித்திருக்கும்.

முதலில் பெயரைப் பழையபடி .எச்இஐசி ஆக்குங்கள். அப்புறம் பெயின்ட்டில் திறந்து, முகம் நடுவில் வருமாறு கிராப் செய்து, ரீசைஸில் அகலத்தை 350 பிக்சல் ஆக்கி, சேவ் ஆஸ் போய் ஜேபெக் தேர்ந்தெடுங்கள். ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு பதில்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் எல்லா ரீநேமும் வீண் இல்லை. .ஜேபெக் என்பதை .ஜேபிஜி என்று மாற்றினால் தாராளமாக வேலை செய்யும், ரெண்டும் ஒரே ஃபார்மட்தான். வேர்டின் .டாக்எக்ஸ் ஃபைலை ஒரு காப்பி எடுத்து .ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், வேர்ட், அதற்குள் மீடியா என்று ஃபோல்டர்கள் இருக்கும், ஆவணத்தில் ஒட்டிய படமெல்லாம் அங்கே கிடைக்கும். டாக்எக்ஸ் உள்ளுக்குள் ஜிப்பேதான், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொட்டலம் என்பதால் இது நடக்கிறது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, 38 கேபி வந்தது, போட்டோ ஏறிவிட்டது! ஆனால் கையெழுத்து ஸ்கேனுக்கு நான் சைன்.ஜேபிஜி என்றுதான் பெயர் வைத்தேன், தளத்தில் சைன்.ஜேபிஜி.ஜேபிஜி என்று காட்டுகிறது. இது ஏன்?

பதில் (ப்ரவுசிங் சென்டர் நடத்துபவர்):
அந்த ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவது) ஏற்கெனவே இருந்திருக்கும், தனக்குத் தெரிந்த வகை ஃபைல் என்று விண்டோஸ் அதை மறைத்து வைத்திருந்ததால் நீங்கள் இன்னொன்றையும் சேர்த்துவிட்டீர்கள். விண்டோஸ் 11 என்றால் ஃபோல்டரைத் திறந்து மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். இதை எல்லோரும் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மன்றாடியே கேட்பேன். மெயிலில் பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ என்று ஒன்று வந்தால், மறைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அது வெறும் பில்.பிடிஎஃப் என்றுதான் தெரியும், பில்தானே என்று டபுள் கிளிக் செய்தால் ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கிவிடும். எங்கள் தெருவில் ஒரு கடையின் மூன்று வருடக் கணக்கு இப்படித்தான் போனது, திரும்பக் கிடைக்கவே இல்லை.

இன்னொரு பதில்:
படம் எடுத்த ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் வைத்துவிடுங்கள். இனி எடுக்கும் படமெல்லாம் ஜேபிஜியாகவே வரும், இடம் மட்டும் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஏற்கெனவே எடுத்தவை அப்படியேதான் இருக்கும், அவற்றை மேலே சொன்னபடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டவர்:
கையெழுத்தும் ஏறிவிட்டது. தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னாள்.