பெட்ரோல் பங்க் இருந்த இடம்: எங்கள் தெருக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கோவிந்தராஜ் (கதவு எண் 22), காலை 6.48
அனைவருக்கும் வணக்கம். பத்து மாதங்களாகப் பூட்டிக் கிடந்த தெருமுனைப் பெட்ரோல் பங்கைச் சுற்றி நேற்று இரவு தகரத் தடுப்பு அடித்திருக்கிறார்கள். காலை நடைக்குப் போகும்போது இடுக்கு வழியாகப் பார்த்தேன். பம்புகள் நின்ற மேடையை உடைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு ஜேசிபி நிற்கிறது. அங்கே என்ன வரப்போகிறது என்று யாருக்காவது உறுதியாகத் தெரியுமா?

பிரகாஷ் (எண் 7, மாடி), காலை 6.57
மாமா, டீக்கடையில் கேட்டால் ஐந்து மாடிக் குடியிருப்பு, தரைக்குக் கீழே கார் நிறுத்தம் என்கிறார்கள். இஸ்திரி போடும் அக்காவோ துணிக்கடை வருகிறது என்கிறார். மாநகராட்சி அந்த இடத்தை எடுத்துப் பூங்கா ஆக்க வேண்டும் என்பது என் ஆசை. நடுவில் பெரிய உறைகிணறு இறக்கி மழைநீரை உறிஞ்ச வைக்கும் பஞ்சுப் பூங்காக்களைச் சென்னையில் பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும் முழங்கால் அளவு நீர் தேங்கும் நம் தெருமுனைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

லலிதா (எண் 9), காலை 7.05
மறுபடியும் பங்கே வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

சரவணன் வழக்கறிஞர் (எண் 15), காலை 7.21
அம்மா, அது எளிதில் நடக்காது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, புதிய பங்க் என்றால் பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் குடியிருப்புப் பகுதியிலிருந்தும் 50 மீட்டர் விலகி இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடங்களில், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு அதை 30 மீட்டர் வரை குறைக்கலாம். நம் தெருவில் பின்சுவரை ஒட்டியே மெஹர் அக்காவின் வீடு இருக்கிறது. மேலும், அந்த நிலம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகை உரிமை மட்டுமே இருந்தது. 1970களில் அயல்நாட்டு எண்ணெய் நிறுவனங்கள் நாட்டுடைமையானபோது இப்படிப்பட்ட பழைய குத்தகைகள் பலவும் சட்டத்தின் வழியாகவே கை மாறின. குத்தகை முடிந்து இடத்தை ஒப்படைக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். யார் வாங்கினார்கள் என்பது வில்லங்கச் சான்று எடுத்தால் தெரிந்துவிடும். நாளை மனு போடுகிறேன்.

கோவிந்தராஜ் (எண் 22), காலை 7.30
நான் 1968இல் இந்தத் தெருவுக்கு வந்தபோதே அங்கே பங்க் இருந்தது. கையால் சுழற்றும் பம்பு ஒன்றுதான் அப்போது. நல்ல கட்டடம் வந்தால் நம் எல்லோருடைய இடத்துக்கும் மதிப்பு கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மெஹருன்னிசா (எண் 3), காலை 7.52
இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்; வீட்டை விற்கும்போது விலை போகாதே என்ற தயக்கத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன். மூன்று ஆண்டுகளாக, மழைக்காலம் முடிந்து நிலத்தடி நீர் மேலேறும் மாதங்களில், எங்கள் போர் தண்ணீரில் மண்ணெண்ணெய் போன்ற வாடை வருகிறது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். ஆனால் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான். என் மாமியார் அதைக் காய்ச்சித்தான் ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்கிறார். மோட்டாரிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று சொல்லி இரண்டு முறை மோட்டாரையே மாற்றிவிட்டோம். வாடை போகவில்லை.

லலிதா (எண் 9), காலை 7.55
மெஹர், மூன்று ஆண்டுகளா! அன்புச்செல்வன் ஐயா, தாங்கள் நிலத்தடி நீர் மாசுத் துறையில் இருந்தவர். தயவுசெய்து சொல்லுங்கள்.

அன்புச்செல்வன் (எண் 18), காலை 8.34
மெஹர் அம்மா, முதலில் உங்களுக்கு. அந்தத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம் என்று உங்கள் மாமியாரிடம் இன்றே சொல்லுங்கள். கிருமி இருந்தால் காய்ச்சினால் சாகும். பெட்ரோல் கலந்திருந்தால், காய்ச்சும்போது அதிலுள்ள பென்சீன் ஆவியாகி, மூடிய சமையலறையில் அவர் மூச்சுக்குள்தான் போகும். ஆர்.ஓ. கருவியையும் இதற்கு நம்பக் கூடாது. சோதனை முடிவு வரும்வரை உங்கள் வீட்டுக்கு என் வீட்டுக் குழாயிலிருந்து மாநகராட்சித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அனைவருக்கும். மேலே என்ன கட்டுவார்கள் என்று ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கீழே என்ன இருக்கிறது என்பதை இந்த வாரமே கேட்டாக வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்பதற்கு இதுபோல் ஒரு நேரம் மறுபடி வாய்க்காது.

ஒரு பங்கின் அடியில் பொதுவாக 20,000 லிட்டர் கொள்ளளவுள்ள இரும்புத் தொட்டிகள் சில புதைந்திருக்கும். அந்தக் காலத்துத் தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை. ஈரமண்ணில் துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், குழாய் இணைப்பு தளர்ந்தாலும், மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. மண் வழியாக இறங்கி நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். நீர்மட்டம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். போகும் வழியிலுள்ள மண்ணிலெல்லாம் பூசிக்கொண்டே போகும். மெஹர் அம்மா வீட்டில் மழைக்குப் பின் வாடை வருவது இதனோடு முழுவதும் பொருந்துகிறது, ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மிதப்பதை இறைத்து எடுத்துவிடலாம். கரைவதுதான் தொல்லை, அதிலும் பென்சீன் நன்றாகக் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்றைய பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த அளவே இருந்தாலும், ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால் எட்டு இலட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். கோவிந்தராஜ் சார் சொன்னபடி 1968க்கு முன்பே பங்க் இருந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் நிறுத்தப்பட்டது. பென்சீனை நுண்ணுயிர்கள் காலப்போக்கில் தின்றுவிடும். ஈயத்தை எதுவும் தின்னாது, அது மண்ணிலேயே கிடக்கும்.

பிரகாஷ் (எண் 7, மாடி), காலை 8.41
அப்படியென்றால் பூங்காதானே நல்லது, ஐயா? யாரும் அங்கே குடியிருக்கப் போவதில்லையே.

அன்புச்செல்வன் (எண் 18), காலை 8.58
தம்பி, உன் எண்ணம் நல்லது. ஆனால் நீ சொன்ன உறைகிணறுதான் என்னைப் பயமுறுத்துகிறது. மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமான பிறகு, எந்த இடத்திலும் நீரை மண்ணுக்குள் இறக்குவது நல்லதே என்று நாம் பழகிவிட்டோம். கெட்டுப்போன மண்ணின் நடுவே உறைகிணறு இறக்கினால், தெரு முழுவதும் தேங்கும் நீர் அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு நேராக நம் போர்களுக்குத்தான் வரும். இப்போது ஒரு வீட்டில் இருக்கும் வாடை பத்து வீட்டுக்குப் பரவும். மண்ணைச் சோதித்து, தேவைப்பட்டால் சுத்தம் செய்து முடித்த பிறகு பூங்கா வரட்டும். நானே வந்து முதல் மரத்தை நடுகிறேன்.

தரைக்குக் கீழே கார் நிறுத்தம் என்பதும் அப்படித்தான். பத்து, பன்னிரண்டு அடி தோண்டும்போது ஊறும் நீரை மோட்டார் வைத்து மழைநீர் வடிகாலில் விடுவார்கள். தோண்டிய மண் இரவோடு இரவாக லாரியில் ஏறிவிடும். சவுடு மண் என்று சொல்லி, புறநகரில் மனை வாங்கிய யாரோ ஒருவர் வீட்டுக் கடைக்காலை அதைக் கொண்டு நிரப்புவார்கள். அவர் வீட்டுக் குழந்தை அந்த மண்ணில் விளையாடும். நம் இடம் சுத்தமானால் போதும் என்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஸ்டெல்லா (எண் 11), காலை 9.10
ஐயா சொல்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் அக்கா தண்டையார்பேட்டையில் இருக்கிறார். 2013இல் அந்தப் பகுதியில் பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வீடுகளின் போர்களில் எண்ணெய் வந்தது. வாளியில் பிடித்து வைத்த தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் படலம் ஆடியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகும், நிலத்தடியைச் சுத்தம் செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. தொடக்கத்தில் வாடையைப் பற்றிச் சொன்னவர்களிடம் மோட்டார் கோளாறு என்றுதான் சொன்னார்கள், மெஹர்.

கோவிந்தராஜ் (எண் 22), காலை 9.24
நியாயமாகவே கேட்கிறேன், ஐயா. இதை வெளியே சொன்னால் நம் தெருவில் யார் வீடு வாங்க வருவார்கள்? என் மகள் திருமணத்துக்கு இந்த வீட்டை நம்பித்தான் இருக்கிறேன்.

சரவணன் வழக்கறிஞர் (எண் 15), காலை 9.40
சார், தங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சோதனையே செய்யாத இடத்துக்குப் பக்கத்து வீட்டைவிட, சோதித்துச் சுத்தம் செய்ததற்கு எழுத்தில் சான்று உள்ள இடத்துக்குப் பக்கத்து வீடுதான் நிம்மதியாக விலை போகும். இப்போது சட்டமும் நமக்கு உதவுகிறது. மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்திருக்கிறது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டுத் தெரிவித்தால், மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அதன்பின் மூன்று மாதங்களில் விரிவான ஆய்வை முடிக்க வேண்டும். மாசுக்குப் பொறுப்பானவர் யார் என்று கண்டறிந்து, செலவை அவரிடமே வசூலிப்பதுதான் விதிகளின் அடிப்படை. அந்தப் பொறுப்பு நம் தலையிலோ, இடத்தை வாங்கப்போகிறவர் தலையிலோ விழுவதற்கு முன்பே முறையிடுவது நல்லது.

லலிதா (எண் 9), காலை 9.46
மனுவில் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஐயாவே சொல்லுங்கள். நான் தட்டச்சு செய்துவிடுகிறேன்.

அன்புச்செல்வன் (எண் 18), காலை 10.15
தொட்டிகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றனவா, வெளியே எடுத்துவிட்டார்களா என்பதை முதலில் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளை மீறி யாரும் அவற்றில் கை வைக்கக் கூடாது என்று வலியுறுத்துங்கள். காலியான தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவியை முழுவதும் வெளியேற்றி, தகுதியுள்ளவர் சான்று கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். அந்தக் குழிக்குள் இறங்கப்போவது கூலிக்கு வந்த பிள்ளைகள். அவர்கள் உயிரைப் பற்றி மனுவில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

தொட்டியை எடுத்ததும் குழியை மூடாமல், அடிமண்ணிலும் பக்கச்சுவர்களிலும் குழாய் போன வழியிலும் பம்பு நின்ற இடத்திலும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். குழி திறந்திருக்கும்போது ஒரு நாளில் முடியும் வேலை அது. மூடிக் கான்கிரீட் போட்ட பிறகு அதையே செய்ய ஒரு கட்டடத்தை உடைக்க வேண்டியிருக்கும். மண் வெளியே போவதானால் எங்கே போகிறது என்பதற்கு எழுத்தில் ஆவணம் கேளுங்கள். சுத்தம் செய்வது முடியாத காரியமல்ல. கெட்ட மண்ணைத் தோண்டி முறையாக அகற்றுவதும், மண்ணுக்குள்ளிருந்து ஆவியை உறிஞ்சி எடுப்பதும், காற்றூட்டி நுண்ணுயிர்களை வேலை செய்ய விடுவதும் உலகெங்கும் பழக்கத்தில் உள்ள முறைகள்தான்.

சரவணன் வழக்கறிஞர் (எண் 15), காலை 10.22
மாசு கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுப்போம். தொட்டிகளின் வயது, கடைசியாகக் கசிவுச் சோதனை நடந்த நாள் ஆகியவற்றைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தனியாக ஒரு விண்ணப்பமும் அனுப்புகிறேன்.

கோவிந்தராஜ் (எண் 22), காலை 10.41
முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும். 1968 முதல் அங்கே பங்க் இருந்ததற்கு நானே சாட்சி. பழைய படம் ஒன்றும் இருக்கிறது. தேடி எடுத்துத் தருகிறேன்.

பிரகாஷ் (எண் 7, மாடி), காலை 10.44
ஜேசிபி ஓட்டுநரிடம் பேசிவிட்டு வந்தேன். மேடையை உடைக்க மட்டுமே சொல்லியிருக்கிறார்களாம். தொட்டிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. புதன்கிழமை வேறு ஆட்கள் வருகிறார்களாம்.

அன்புச்செல்வன் (எண் 18), காலை 10.50
அப்படியானால் நமக்கு இரண்டு நாள் இருக்கிறது. மெஹர் அம்மா, நாளை காலை ஆறு மணிக்கு உங்கள் போர் தண்ணீரில் மாதிரி எடுக்கலாமா? தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து கண்ணாடிக் குப்பிகள் வாங்கி வருகிறேன். பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்கக் கூடாது. குப்பியின் விளிம்பு வரை காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி உடனே மூட வேண்டும். இல்லாவிட்டால் நாம் தேடுவது ஆவியாகிப் போய்விடும்.

மெஹருன்னிசா (எண் 3), காலை 10.53
வாருங்கள் ஐயா. மோட்டாரை ஐந்தரைக்கே போட்டு வைக்கிறேன்.

ஸ்டெல்லா (எண் 11), காலை 10.55
குப்பிகளை வைக்க என் வீட்டிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டு வருகிறேன். எங்கள் வீட்டுப் போரிலும் ஒரு குப்பி எடுத்துவிடுங்கள், ஐயா.