ஸ்காபரோ பிளாசா: ஸ்னோ கொன்ட்ராக்டில என்ன எழுதோணும்?

கேள்வி:
கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில ஒரே தட்டுக் கடைத்தொகுதி (பிளாசா), தட்டைக் கூரை. எட்டுக் கடை, 45 பார்க்கிங். இந்த மாதம் ஸ்னோ கொன்ட்ராக்டில கையெழுத்து வைக்கோணும். வழிக்கிறது, உப்புப் போடுறது தவிர வேற என்ன கேக்கோணும்? பெரிய புயலுக்குக் கூரையையும் வழிக்கோணுமோ?

பதில் 1:
தம்பி, ஸ்னோவை எங்க குவிக்கிறது எண்டு படம் கீறி கொன்ட்ராக்டோட இணையுங்கோ. மேட்டுப் பக்கம் குவிச்சால் பகல்ல உருகி வாசலுக்கு ஓடிவந்து, இரவில கண்ணாடி மாதிரி உறையும். புயலண்டு எல்லாரும் பார்த்துத்தான் நடப்பினம். வழுக்கிறது அடுத்தநாள் காலமை. பதிஞ்ச பக்கம் குவிக்கட்டும், கான் மூடி தெரியோணும். ஃபயர் ஹைட்ரன்ட், பின்கதவு, ஊனமுற்றோர் பார்க்கிங் மூன்றையும் குவியல் மறிக்கப்படாது.

"5 சென்ரிமீற்றர் விழுந்தால் வருவம்" எண்டு மட்டும் இருந்தால் உறைமழைக்கு (விழுந்தவுடன ஐஸாகிற மழை) ஒருத்தரும் வராயினம். அதைத் தனி வரியா எழுதுங்கோ. வந்த நேரம், போட்ட உப்பு எல்லாம் பதிவில இருக்கோணும். ஒன்ராறியோவில 2021 ஜனவரி 29இல இருந்து, ஐஸில விழுந்தவர் 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்கோணும். வழக்குப் போட பொதுவா 2 வருஷம் இருக்கு, அதால பதிவை எறிஞ்சு போடாதேங்கோ.

பதில் 2:
கூரையில உயரத்தைப் பார்க்காதேங்கோ, பாரத்தைப் பாருங்கோ. புதுசா விழுந்த ஸ்னோ 10 சென்ரிமீற்றர் எண்டால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 10 கிலோ. மழை குடிச்சு இறுகினால் அதே உயரம் 30, 40 கிலோ. ஐஸ் 90. இலை அடைச்ச வடிகால்தான் இதுக்கெல்லாம் தொடக்கம்; இப்பவே அள்ளிப்போட்டு ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்கோ, சுழிச்சுப் போகோணும். காத்து ஸ்னோவை அள்ளிக் கொட்டுறது கூரையில நிக்கிற ஹீட்டிங் யூனிட்டுக்குப் பின்னாலயும் உயரச் சுவரடியிலயும். வழிக்கிறதெண்டால் இரும்புச் சவள் வேண்டாம், அடியில 5 சென்ரிமீற்றர் விடுங்கோ, கூரையிலயே ஒரு மூலையில குவிக்காதேங்கோ. உள்கதவு திடீரெண்டு இறுகினால் கூரை பாரத்தில பதியுதாக்கும், வழிக்க ஏறப்படாது. ஆக்களை வெளியேத்திப்போட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்கோ.

பதில் 3:
கல்லுப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழ சும்மா மணல்தான், இரட்டிப்பாக் கொட்டியும் பலனில்லை. அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் ரெண்டு மூண்டு வாளி வைச்சிருங்கோ. வழிச்ச பிறகு, நடைபாதைச் சதுரம் பத்துக்கு ஒரு கோப்பி மக் உப்புக் காணும்.

எல்லாரும் மறக்கிறது வெறுமையாக் கிடக்கிற கடை. தண்ணி நிக்கிற ஸ்பிரிங்க்ளர் (நெருப்பணைக்கத் தண்ணி தெளிக்கிற) குழாய் 4 பாகைக்குக் கீழ போகப்படாது, ஹீட்டரை நிப்பாட்டாதேங்கோ. பின்சுவரில நீட்டிக்கொண்டு நிக்கிற ஹீட்டர் புகைக்குழாய் ஸ்னோவில மூடினால் ஹீட்டர் நிண்டுபோம், இல்லாட்டி கார்பன் மொனொக்சைட் உள்ளுக்கு வரும். அதைச் சுத்தி ஒரு மீற்றர் வழிக்கோணும் எண்டதையும் கொன்ட்ராக்டில சேருங்கோ.

கேட்டவர்:
நன்றி அண்ணைமார். கொன்ட்ராக்டில உறைமழையும் இல்லை, குவிக்கிற இடமும் இல்லை. திருப்பி அனுப்பிறன்.